வாசகர் கேள்விகள்: திடீரென முகம் கோணிப்போனால்...

முகத்தின் ஒரு பக்கம் திடீரென ஓய்ந்துபோவதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: காலையில் பல் துலக்கும்போது என் கணவரின் வாயோரம் தண்ணீர் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதமோ என்று பயந்து ஆம்புலன்ஸை அழைத்தோம். மருத்துவமனையில் 'பெல்ஸ் பால்சி' என்று சொல்லி, ஸ்கேன்கூட எடுக்காமல், மாத்திரை கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?
— வாசகி, ஈசூன்

பதில்: நெற்றியைப் பார்த்துத்தான். 'புருவத்தை உயர்த்துங்கள், கண்ணை இறுக மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள்' என்று அவரைச் செய்யச் சொல்லியிருப்பார்களே, அதுதான் முக்கியமான பரிசோதனை. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் மூளையின் ஒரு பாதி அடிபட்டாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், கண் மூடும், வாய் மட்டும் தொங்கும். பெல்ஸ் பால்சியில் கோளாறு மூளையில் இல்லை, முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பில் இருக்கிறது. அந்த நரம்பு காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. அதன் மிக இடுக்கான இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. அதனால்தான் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரே பக்கத்தில் ஓய்கின்றன. அதே நரம்பின் கிளைகள் காதுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசைக்கும் நாக்கின் முன்பகுதிக்கும் போகின்றன. அதனால் சிலருக்குப் பாத்திரச் சத்தம்கூடக் காதில் அறையும், சாப்பாட்டில் ருசி தெரியாது. இவை எல்லாம் ஒத்துப்போனால் முதல் நாளே ஸ்கேன் தேவைப்படுவதில்லை.

வாய் இடப்பக்கம் இழுத்திருக்கிறது என்றால் ஓய்ந்தது வலப்பக்கம். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் 995-ஐ, அதாவது சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணை, அழைத்தது முழுக்கச் சரி. நெற்றிச் சோதனையை வீட்டில் செய்துவிட்டு 'இது பக்கவாதம் இல்லை' என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்கள் நெற்றியையும் சேர்த்தே ஓயவைக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாதிப்பு தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே ஆம்புலன்ஸ் வருவதற்குள், அவர் கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். பெல்ஸ் பால்சி என்று சொல்லி அனுப்பிய பிறகும் கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால் மறுபடியும் 995தான்.

கேள்வி: எனக்கு 58 வயது, நீரிழிவு உண்டு. முகவாதத்துக்கு (பெல்ஸ் பால்சி) பிரெட்னிசோலோன் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வேளையில் 12 மாத்திரை! ஏதோ தவறாக எழுதிவிட்டார்களா? ஸ்டீராய்டு என்பதால் சாப்பிடவே வேண்டாம் என்கிறான் மகன்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தவறில்லை. மாத்திரை ஒன்று 5 மி.கி. என்றால் 12 மாத்திரை 60 மி.கி. வழக்கமான ஒரு முறை, 5 நாள் 60 மி.கி., அதன்பின் தினம் 10 மி.கி. குறைத்து மேலும் 5 நாள். மொத்தம் 90 மாத்திரை. இன்னொரு முறையில் 10 நாளும் 50 மி.கி. கொடுப்பார்கள். பை கனமாக இருப்பதைப் பார்த்துப் பயந்து பாதி அளவில் சாப்பிடுவதுதான் கெடுதல்.

இந்த நோயில் பலன் உறுதியாகத் தெரிந்த மருந்து இது. ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 3 மாதத்தில் 83 விழுக்காட்டினர் முழுதாகக் குணமடைந்தனர். சாப்பிடாதவர்களில் 64 விழுக்காட்டினர்தான். ஆனால் முகம் ஓய்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 'வெள்ளிக்கிழமை இரவு வந்தது, திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம்' என்று காத்திருந்தால் அந்த நேரம் ஏறக்குறைய முடிந்துவிடும். உங்கள் மகனின் அக்கறை புரிகிறது. மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டு வேறு, பத்து நாளோடு முடியும் இது வேறு.

சர்க்கரை ஏறும், அது நிச்சயம். காலை உணவுக்குப் பிறகு மாத்திரையைச் சாப்பிடுங்கள். மாலையில் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும், வயிறும் எரியும். காலையில் சாப்பிடும்போது சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் உயரும். வெறும் வயிற்றில் மட்டும் சோதித்தால் எண் நன்றாகவே தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். இரவு உணவுக்கு முன்பும் ஒரு தடவை சோதியுங்கள். சர்க்கரை 15 mmol/L-க்கு மேலேயே நின்றாலோ, தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ மருத்துவரை அழையுங்கள். இன்சுலின் அளவை நீங்களே கூட்ட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, வயிற்றுப்புண், காசநோய் எது இருந்தாலும், எப்போதோ இருந்திருந்தாலும், மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: காது மடலிலும் காதுத் துளையிலும் கொப்புளம் இருக்கிறதா என்று யாரையாவது டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான காதுவலியோடு கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸால் வரும் ராம்சே ஹண்ட் நோய். அதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும், உடனே.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு கண் மூடவே இல்லை. தூங்கும்போது வெள்ளை தெரிகிறது. பஞ்சு வைத்துக் கட்டிவிடலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டவே வேண்டாம். பஞ்சுக்கு அடியில் கண் திறந்துகொண்டால் பஞ்சு கருவிழியை உரசும். முகம் கோணியிருப்பது எல்லார் கண்ணுக்கும் படுகிறது, கண் காய்ந்துகொண்டிருப்பது படுவதில்லை. இந்த நோயில் நிரந்தரமாக இழக்கக்கூடியது பார்வைதான், அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடுங்கள். இத்தனை தடவை விடுவதால், மருந்துக்கடையில் கேட்கும்போதே பதப்பொருள் கலக்காத, ஒரு வேளைக்கு ஒன்றாகக் கிள்ளித் திறக்கும் சின்னக் குப்பிகளாகக் கேளுங்கள். பதப்பொருள் சேர்ந்த புட்டி மருந்தை நாள் முழுக்க விட்டால் அதுவே கண்ணை உறுத்தும். நினைவு வரும்போதெல்லாம் விரலின் பின்புறத்தால் மேலிமையைத் தள்ளி மூடித் திறக்கட்டும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் இருந்தாலும் நாள் முழுக்க நாம் இருப்பது ஏர்கானில். எம்ஆர்டியிலும் பேருந்திலும் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கையைத் தவிர்க்கட்டும். வெளியே போகும்போது பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி போடட்டும். படுக்கையில் மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் அறவே கூடாது.

இரவில் இப்படிச் செய்யுங்கள். கீழிமையை இழுத்து, உட்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கண் களிம்பு விடுங்கள். இமைத்தோலில் வழிந்த களிம்பைச் சுத்தமாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் டேப் ஒட்டாது. காகிதம் போலிருக்கும் மைக்ரோபோர் டேப்பில் அரை அங்குல அகலமுள்ளதை வாங்கி, 5 சென்டிமீட்டர் வெட்டுங்கள். அம்மாவைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையை விரலால் இறக்கி மூடுங்கள். டேப்பை மேலிமையில் ஒட்டி, கொஞ்சம் சாய்வாகக் கன்னம் நோக்கி இழுத்து ஒட்டுங்கள். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். நூலளவு வெள்ளை தெரிந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். காலையில் டேப்பை ஈரத்துணியால் நனைத்தபின் மெதுவாக உரியுங்கள். வயதானவர்களின் இமைத்தோல் மெல்லியது.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, சொட்டு விட்ட பிறகும் மங்கல் தெளியாவிட்டாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியே இல்லாமல் சிவந்திருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: தலைக்குக் குளித்துவிட்டு ஏர்கானில் படுத்ததால்தான் வந்தது என்கிறார் மாமியார். சூயிங்கம் மென்று, பலூன் ஊதினால் சரியாகும் என்றும் சொல்கிறார்கள். ஜோகூரிலிருக்கும் நாத்தனார் சூயிங்கம் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அவரை வாங்கி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். சூயிங்கத்தை இங்கே கொண்டுவருவதற்கு 1992 முதல் தடை இருக்கிறது. அதோடு அதனால் பயனும் இல்லை. மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு. ஓய்ந்திருப்பது ஏழாவது. எவ்வளவு மென்றாலும் அது ஏழாவது நரம்புக்கான பயிற்சி ஆகாது. பலூன் ஊதினால் காற்று ஓய்ந்த பக்கம் வழியாக வெளியேறும், நல்ல பக்கம்தான் இன்னும் பலமாக இழுக்கும்.

குளிர்காற்றால் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உடலில் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ் மறுபடி கிளம்புவதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். வீட்டில் யாரும் யார்மேலும் பழி போட வேண்டாம். காதில் பூண்டு எண்ணெய் ஊற்றுவது, முகத்தை அழுத்தி உருவுவது இரண்டும் கூடாது. அக்குபங்சருக்குப் போக விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: சாப்பிடுவதே வெட்கமாக இருக்கிறது. தே ஓ குடித்தால் சட்டையில் வழிகிறது. அலுவலகத்தில் போனில் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை.
— வாசகர், செங்காங்

பதில்: குடிக்கும்போது ஓய்ந்த பக்கத்து உதட்டோரத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற கோப்பையை விடக் குறுகிய விளிம்புள்ள குவளை எளிது. நல்ல பக்கத்தில் மெல்லுங்கள். இட்லி, இடியாப்பம், கஞ்சி, மீன் சூப் என்று ஈரமாக இருப்பவை சுலபம். மொறுமொறு பரோட்டாவும் கடலையும் கன்னத்துக்குள் போய்த் தங்கிவிடும், உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கன்னத்தின் உட்புறத்தை விரலால் துழாவிக் கொப்பளியுங்கள், பல் சொத்தையாகாமல் இருக்கும். பேசும்போது உதடு சேர வேண்டிய 'ப', 'ம' இரண்டும்தான் சிக்கல். விரலால் அந்த ஓரத்தைத் தாங்கிக்கொண்டு நிதானமாகப் பேசினால் போனில் தெளிவாகிவிடும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்கத் தயங்காதீர்கள். லாரி, டாக்சி, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் கண் சரியாக மூடி, பார்வை தெளிந்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: ஐந்து வாரத்தில் மகளின் கல்யாணம். அதற்குள் என் முகம் சரியாகிவிடுமா?
— வாசகி, பொங்கோல்

பதில்: ஆகலாம், உறுதி தர முடியாது. பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு திரும்பும். அப்படி வந்தவர்கள் பொதுவாக நன்றாகவே குணமடைகிறார்கள். மூன்று வாரம் கடந்தும் துளி அசைவு இல்லை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம். படம் எடுக்கும்போது பல் தெரியச் சிரித்தால் கோணல் கூடும், உதடு மூடிய இளநகை போதும். நிழற்படக்காரரிடம் நல்ல பக்கத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான்கு மாதமாகியும் எந்த அசைவும் வராவிட்டால், அல்லது பலவீனம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், ஸ்கேன் எடுத்துக் கட்டி எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வந்து ஏழு மாதம். முகம் அசைகிறது. ஆனால் சாப்பிடும்போது அந்தப் பக்கக் கண் தானாகச் சுருங்குகிறது, கன்னம் இறுகுகிறது. மின்னதிர்வு தரும் கருவியை வாங்கித் தினமும் வைக்கிறேன். கூடுகிறதே தவிர குறையவில்லை.
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: கருவியை இன்றே நிறுத்துங்கள். கடுமையாக நசுங்கிய நரம்பு இழைகள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் திரும்ப வளரும்போது, வாய்க்குப் போக வேண்டிய சில இழைகள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாயை அசைத்தால் கண் சுருங்குவது அதனால்தான். இதற்கு சின்கைனிசிஸ் என்று பெயர். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது பலவீனமல்ல, அளவுக்கு மீறிய இறுக்கம். மின்னதிர்வும் முகத்தை முழுப் பலத்தோடு கோணிக்காட்டும் பயிற்சியும் எல்லாத் தசைகளையும் ஒன்றாகத் தூண்டி, தவறான இணைப்பையே பழக்கிவிடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. முதலில் தளர்த்துங்கள். கையைக் கழுவி, கட்டைவிரலை வாய்க்குள் கன்னத்தின் உட்புறமும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்து, இறுகிய பட்டையைத் தேடிப் பிடித்து, வலிக்காத அளவுக்கு 20, 30 விநாடி நீவி விடுங்கள். பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து, உதட்டோரத்தை மிக மெல்ல, கண் சுருங்கத் தொடங்கும் இடம் வரை மட்டும் உயர்த்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைத் தளர்த்தி, மெல்ல இறக்குங்கள். நான்கைந்து தடவை போதும், நாளில் இரண்டு மூன்று வேளை. களைத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பலன் மாதக்கணக்கில்தான் தெரியும்.

முகநரம்புப் பயிற்சியில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவையாவது கற்றுக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசு மருத்துவமனையில் உதவிக் கட்டணத்தில் பார்க்கலாம். இறுக்கம் மிகுதியாக இருந்தால் போடாக்ஸ் ஊசியைச் சிறிய அளவில் போடுவார்கள். மூன்று, நான்கு மாதம் தாங்கும். அந்தக் காலத்தில் பயிற்சி செய்வது இன்னும் எளிது.

கேள்வி: எட்டு மாத கர்ப்பம். நேற்று முகம் ஓய்ந்துவிட்டது. மாத்திரை சாப்பிடலாமா, பிரசவம் ஆகட்டும் என்று இருக்கலாமா?
— வாசகி, ஹவ்காங்

பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றே பிரசவ மருத்துவரிடம் போங்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும் பிரசவத்தை அடுத்த வாரத்திலும் இது அதிகம் வருகிறது. பிரெட்னிசோலோன் தேவையா என்று அவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள், கொடுக்கவும் செய்வார்கள். கட்டாயம் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பகால ரத்த அழுத்த நோயோடு இது சேர்ந்து வருவதுண்டு. தலைவலியோ கண் மங்கலோ கால் வீக்கமோ கூடவே இருந்தால் மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள்.