எம்.டி. 90 ஐ விற்க வேண்டாம்

கேள்வி: அண்ணை, எனக்கு 36 வயது. ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வேலைக்குப் போய் வருகிறேன். முத்தையன்கட்டு வலதுகரையில் இரண்டு ஏக்கர் வயலும் செய்கிறேன். இப்போது ஓடுவது ஒரு பழைய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். அதை விற்று, கையில் இருக்கிற காசையும் போட்டு, ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் எடுக்க நினைக்கிறேன். முள்ளியவளையில் ஒரு ஐயாவிடம் ஹொண்டா சி.டி. 200 ஒன்று நிற்கிறது. ஆனால் வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் அவருடைய பெயருக்கு மாறவில்லையாம். வவுனியாவில் ஒருவர் 2018 ஆம் ஆண்டு றோயல் என்பீல்ட் கிளாசிக் 350 ஒன்றைத் தருகிறேன் என்கிறார். அதற்குக் கடன் பட வேண்டி வரும். எங்கள் அப்பாவிடம் முந்தி சி.டி. 200 தான் இருந்தது. 2009 இல் போருக்குள் மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. மனைவியோ, "ரெண்டும் வேண்டாம், ஒரு ஸ்கூட்டி எடுங்கோ" என்கிறா. எதை எடுக்கலாம்?
— ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, எந்த மோட்டார் சைக்கிளையும் பார்க்க முதல் உங்கள் லைசன்சை எடுத்துப் பாருங்கள். 100 சீ.சீ. வரைக்கும் ஏ1 வகுப்பு, அதற்கு மேலே ஏ வகுப்பு. எம்.டி. 90 ஓடிப் பழகியவர்களில் பல பேர் ஏ1 ஐ மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் கேட்கிற ஹொண்டா 194 சீ.சீ., என்பீல்ட் 346 சீ.சீ. ஏ இல்லாமல் எதை எடுத்தாலும் பொலிசுக்கும் பயப்பட வேண்டும், ஏதும் நடந்தால் இன்சூரன்சும் கையை விரித்துவிடும்.

அடுத்தது, நான் ஹொண்டாப் பக்கம் சாய்ந்த ஆள். அதை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக் கூடாது.

1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது நான் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அப்போது நடை பழகுகிற வயது. மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இருமல் பாணி வந்த சின்னப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டு, அதற்குள் கொஞ்சம் பெற்றோல். காலையில் காபரேற்றர் வாய்க்குள் நாலு துளி விட்டு உதைத்தால் விக்கி விக்கி ஸ்ராட் ஆகும். சைலன்சர் சூடாகும் வரைக்கும் முறுக்கிப் பிடித்திருந்து, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. கண் எரிகிற வெள்ளைப் புகை. பின்னேரத்தில் பிளக்கைக் கழற்றினால் கைவிளக்குச் சிமினி மாதிரிக் கரி பிடித்திருக்கும், அதை அரத்தாளில் தேய்த்துப் போடுவது என் வேலை. எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஓயிலோடு கலந்துவிடும். ஓயில் கம்பியை இழுத்து மணந்தால் குப்பி விளக்கு மணக்கும். பாஸ் எஞ்சின் தலைக்குக் கீழே இரண்டு கஸ்கற் போட்டு அழுத்தத்தைக் குறைத்து விடுவார், இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அந்தக் கொடுமை எல்லாவற்றையும் தாங்கி உரப்பையும் ஆளுமாக ஓடியவை அந்தச் சின்ன ஹொண்டாக்கள்தான். அதைக் கண்ணால் பார்த்தவனிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

உங்களிடம் நிற்கிற எம்.டி. 90 கூட ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த சாமான். நாள் முழுக்க நின்று நின்று போக, பொதி ஏற்ற, கிளச் பிடிக்காமல் கியர் மாற்ற. 1958 இல் வந்த சூப்பர் கப் வம்சம் அது. அந்த வம்சத்தில் 2017 ஆம் ஆண்டுக்குள் 10 கோடி செய்து முடித்துவிட்டார்கள். வன்னியில் எம்.டி. 90 க்கு வேறு பெயரும் புகழும் இருந்தது. ஒரு காலத்தில் இருட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டால் யார் வருகினம் என்று சொல்லத் தேவையில்லை.

சி.டி. 200 அதற்கு மூத்த அண்ணன். இரண்டு சிலிண்டர், நாலு கியர், அதிராத ஓட்டம். எனக்கு அதில் பிடித்தது செயினை முழுதாக மூடியிருக்கிற பெட்டி. எங்களுடைய செம்மண் கிரவல் தூசிக்கு அதைப்போல மருந்து கிடையாது. வெளியில் கிடக்கிற செயினில் ஓயிலும் மண்ணும் சேர்ந்து அரத்தாள் மாதிரி பல்லுச் சில்லைத் தின்றுவிடும். பெட்டிக்குள் கிடக்கிற செயின் ஆண்டுக் கணக்கில் இருக்கும்.

ஆனாலும் முள்ளியவளைச் சைக்கிளை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முதற் காரணம் புத்தகம். போர் முடிந்தபிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் குவியல் குவியலாகக் கிடந்து துருப்பிடித்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் பகுதியில் ஓடுகிற பழைய ஹொண்டாக்களில் ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் சட்டம் (சேசி), மூன்றாவதின் புத்தகம் என்று சேர்ந்தவை எத்தனையோ என் கைக்கே வந்திருக்கின்றன. அந்த ஐயா நேர்மையானவராக இருக்கலாம், அவருக்கு விற்றவருக்கு விற்றவர் யார்? எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டோச் அடித்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். சரியாக இருந்தாலும், அவர் தன் பெயருக்கு மாற்றித் தந்த பிறகுதான் காசு. கையெழுத்து வைத்த வெற்றுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து பிறகு அலைந்தவன் நான், எத்தனை தரம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது காரணம் மாடு.

சிரிக்காதீர்கள். கச்சேரி நாலேகாலுக்கு முடிந்தாலும் நீங்கள் முல்லைத்தீவில் சாமான் வாங்கி, முள்ளியவளையில் யாரோடும் கதைத்து, ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான் வர மாரி காலத்தில் இருட்டிவிடும். தார் வீதி சூட்டை வைத்திருக்கும், பட்டி மாடு வந்து அதில்தான் படுக்கும். சில ஆண்டுகளுக்கு முதல் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், அப்போது வைத்திருந்த பழைய சைக்கிளின் மங்கல் வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தேன். ஒரு எருமை, கறுப்பு, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. கண் தெரிந்தால் மினுங்கும், முதுகில் என்ன மினுங்கும்? அது வாலை ஒருக்கா ஆட்டியிராவிட்டால் இந்தப் பகுதியை இன்றைக்கு வேறொருவர் எழுதிக்கொண்டிருப்பார். வாய்க்காலுக்குள் விழுந்து எழும்பி வீட்டுக்குப் போனேன், அடுத்த கிழமை முன் விளக்கை மாற்றினேன்.

சி.டி. 200 இல் இரண்டு சில்லுக்கும் டிரம் பிறேக். நல்ல பிறேக்தான், அதன் காலத்துக்கு. அது பெரும்பாலும் உங்களைவிட மூத்த சைக்கிள். கிழமைக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, மாரி கோடை பார்க்காமல் அதை ஓட்டுவது, வயதுபோன மனுசனைக் கூலி வேலைக்கு அனுப்புகிற மாதிரி. சாமானும் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைவரைக்கும் தேட வேண்டி வரும், அது வரும் வரைக்கும் நீங்கள் பஸ்சில்.

என்பீல்டுக்கு வருவோம். பெயர் இங்கிலீஷ், பிறந்த இடம் இங்கிலாந்தில் ரெடிச். முதல் மோட்டார் சைக்கிள் 1901 இல் வந்தது. 1955 இல் சென்னையில் கூட்டுச் சேர்ந்து புல்லட் பூட்டத் தொடங்கினார்கள், பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலைதான் அதன் வீடாகிவிட்டது. தாய் வீட்டில் கம்பனி 1970 ஐ ஒட்டி மூடப்பட்டது, பிள்ளை சென்னையில் தொடர்ந்து வளர்ந்தது. அதனால் அதைத் தமிழ்க் கை தொட்ட சைக்கிள் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. அதற்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

கிளாசிக் 350 ஒற்றைச் சிலிண்டர். பிஸ்டன் 70 மில்லிமீற்றர் அகலம், ஓடுகிற தூரம் 90. கிணற்றில் நீளக் கயிறு இழுக்கிற மாதிரி, ஆறுதலாக ஆனால் பாரத்தோடு இழுக்கும். மனைவி, பிள்ளை, பின்னால் ஒரு பை, எல்லாவற்றோடும் மூன்றாம் கியரில் அமைதியாக வரும். முன் சில்லில் டிஸ்க் பிறேக், விளக்கும் பழைய ஹொண்டாவைவிடத் துலக்கம். 2021 இல் வந்த புதுக் கிளாசிக்கில் கிக்கரை எடுத்துவிட்டார்கள். பற்றரி இறங்கினால் நடுக்காட்டில் நின்று பட்டனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீங்கள் பார்க்கிற 2018 இல் கிக்கர் இருக்கும். அதை உதைத்தே ஸ்ராட் பண்ணிப் பாருங்கள்.

குறை பாரம். 190 கிலோவைத் தாண்டும். என் மச்சான் ஒருவர் அப்படி ஒன்றைக் கார்த்திகை மழையில் வாய்க்கால் கட்டில் கொண்டுபோய்விட்டார். சைட் ஸ்ராண்ட் சேற்றுக்குள் கத்தி மாதிரி இறங்க, சைக்கிள் ஆறுதலாகச் சரிந்து வாய்க்கால் பக்கம் படுத்துவிட்டது. தூக்க நாலு பேரும் ஒரு பலகையும் தேவைப்பட்டது. அன்றிலிருந்து அவர் பைக்குள் ஒரு சப்பைக் கல் கிடக்கிறது, ஸ்ராண்டுக்குக் கீழே வைக்க. அந்தக் கட்டில் பசளைப் பையையும் மருந்து ராங்கியையும் ஏற்றிக்கொண்டு என்பீல்டில் போவது வேண்டாத வேலை.

அதனால்தான் எம்.டி. 90 ஐ விற்க வேண்டாம் என்கிறேன். உங்கள் கடிதத்தில் பிழையான இடம் அது ஒன்றுதான். அதை விற்று வருகிற காசு என்பீல்டின் விலையில் ஒரு மூலைக்கும் காணாது. அதை வயலுக்கு வைத்துக்கொண்டு, வீதிக்கு என்பீல்டை எடுங்கள். கடன் கூடும் என்று யோசிப்பீர்கள். அவசரப்படாமல் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கும் வரைக்கும் பொறுத்தால் கடன் குறையும். வவுனியாக்காரர் அதற்குள் விற்றுவிட்டால் போகட்டும், இன்னொன்று வரும். 2025 இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு பழையதை விற்றுவிட்டுப் புதியது தேடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தங்கச்சி கேட்ட ஸ்கூட்டிக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. நீங்கள் கச்சேரியில் நிற்கிற நேரம் எம்.டி. 90 வீட்டில் நிற்கும். கிளச் இல்லை, அவ இரண்டு நாளில் பழகிவிடுவா. ஸ்கூட்டியின் சின்னச் சில்லைவிட அந்தக் கிரவல் குழிகளுக்கு இது நல்லதும்கூட. மீதிப் பாதிக்கு நீங்கள்தான் அவவோடு கதைக்க வேண்டும்.

பெற்றோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 2022 இல் வந்த பெற்றோல் தட்டுப்பாட்டை மறக்க முடியாது. கியூ.ஆர். அட்டை வந்த நேரம் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 35 கிலோமீற்றர் என்று வைத்தால் 140 கிலோமீற்றர். உங்கள் கச்சேரிப் பயணத்துக்கு மூன்று நாளும் காணாது. இந்த விசயத்தில் இரண்டு பெரிய சைக்கிளும் ஒன்றுதான். அப்படி ஒரு காலம் திரும்பி வந்தாலும் எம்.டி. 90 தான் கைகொடுக்கும்.

வவுனியாவுக்குப் போகும்போது உங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். வரும் வரைக்கும் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். போனவுடன் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராட் எடுக்காத ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். சைக்கிள் இரவு நின்ற இடத்தில் நிலத்தில் ஓயில் பொட்டு இருக்கிறதா பாருங்கள், கழுவித் துடைத்த நிலம் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். எஞ்சினை நிற்பாட்டி, ஒரு ஐம்பது மீற்றர் தள்ளிப் பாருங்கள். ரயர் காற்றுப்போன நாளில் அந்தப் பாரம்தான் உங்களுடையது. புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரைக்கும் முற்காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்பாவின் சத்தத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. என்பீல்டில் அது வராது, அது வேறு சத்தம். முள்ளியவளைக்குப் போய் அந்த ஐயாவிடம் ஒருக்கா ஸ்ராட் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவர் மறுக்கமாட்டார். அப்போது இரண்டு சைலன்சருக்கும் முன்னால் கையைப் பிடித்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரே அளவு மூச்சு வந்தால் எஞ்சின் நல்லது. எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வரும்போது, புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றினால் எனக்கு ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிற விலையையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.