மாடு மேயும் காட்டுக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் கணவர் ஓராண்டுப் பணிக்காக நைரோபியில் இருக்கிறார். ஏப்ரல், மே விடுமுறையில் நானும் ஏழு வயது மகனும் 68 வயது மாமியாரும் அங்கே செல்லவிருக்கிறோம். ஓல் பெஜெட்டா என்னும் இடத்துக்கு வழிகாட்டியுடன் இரண்டு நாள் போய் வரலாம் என்கிறார் கணவர். விசாரித்தால், அது வேலி போட்ட மாட்டுப் பண்ணை என்கிறார்கள். மாடு பார்க்கவா கென்யாவரை போவது? மாமியார் காங்கயம் மாடுகளோடு வளர்ந்தவர். அவருக்கு இது அலுத்துப் போகாதா? (தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், சகோதரி, ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாட்டைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன், அந்த இடத்தின் சிறப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது.

நைரோபிக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில், நன்யுகி நகரை அடுத்து, கென்யா மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் இடையில் ஏறத்தாழ 90,000 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது ஓல் பெஜெட்டா. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அது மாட்டுப் பண்ணை. 2004இல் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கிய பிறகும் மாடுகளை வெளியேற்றவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கான போரான் மாடுகள் வரிக்குதிரைகளும் எருமைகளும் காண்டாமிருகங்களும் மேயும் அதே புல்வெளியில் மேய்கின்றன. போரான் மாட்டுக்கும் நம் மாடுகளைப் போலத் திமில் உண்டு.

சிங்கமும் கழுதைப்புலியும் உலவும் நிலத்தில் மாடு எப்படிப் பிழைக்கிறது என்பதை உங்கள் மாமியார் நேரில் பார்க்க வேண்டும். பகல் முழுவதும் மேய்ப்பர்கள் உடனிருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் மந்தையைப் ‘போமா’ என்னும் பட்டிக்குள் அடைக்கிறார்கள். இரும்புச் சட்டங்களைப் பிணைத்து வட்டமாக நிறுத்திய அந்தப் பட்டியைச் சில நாள்களுக்கு ஒருமுறை கழற்றி வேறிடத்தில் நாட்டுகிறார்கள். மாடு படுத்த இடத்தில் சாணமும் கோமியமும் ஊறி, அடுத்த மழைக்குப் புல் செழித்து வளர்கிறது. அந்தப் புல்லைத் தேடி மான்களும் வரிக்குதிரைகளும் வந்து கூடுகின்றன. நம் ஊரில் வயலுக்குக் கிடை போடுவார்களே, அதே வித்தைதான். அங்கே அறுவடை செய்பவை காட்டு விலங்குகள் என்பது மட்டுமே வேறுபாடு. இன்னொரு நன்மையும் உண்டு. மாடுகளுக்கு உண்ணி மருந்து போடுவதால், புல்லிலிருந்து அவற்றின் உடலில் ஏறும் உண்ணிகள் மடிந்து, காட்டு விலங்குகளுக்கும் உண்ணித் தொல்லை குறைகிறது.

வேலி இருப்பதும் உண்மையே. ஆனால் வடக்குப் பக்கத்தில் விலங்குகள் போய் வர வழித்தடங்கள் விட்டிருக்கிறார்கள். அங்கே குட்டையான கம்பங்களை நெருக்கமாக நட்டிருப்பதால், யானை தாண்டிப் போய்விடும், மான் இடையில் நுழைந்துவிடும், காண்டாமிருகம் மட்டும் போக முடியாது. கொம்புக்காகக் கொல்லப்படும் உயிரைக் காக்க இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகனுக்கு நஜின், ஃபாத்து ஆகிய இருவரின் கதையைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். வட வெள்ளைக் காண்டாமிருகம் என்னும் இனத்தில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை இந்தத் தாயும் மகளும் மட்டுமே. 2009 டிசம்பரில் செக் நாட்டு விலங்குக் காட்சிசாலையிலிருந்து நான்கு காண்டாமிருகங்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவற்றில் நஜினின் தந்தையான சூடான் 2018 மார்ச்சில் இறந்தபோது அந்த இனத்தின் கடைசி ஆணும் மறைந்தது. நாங்கள் சென்றிருந்தபோது, பார்வை இழந்த ‘பராகா’ என்னும் கறுப்புக் காண்டாமிருகத்துக்கு என் மகள் மேடையில் நின்று புல் ஊட்டினாள். முனை கூம்பிய அதன் மேலுதடு விரலைப் போல வளைந்து, அவள் கையிலிருந்த புல்லை ஒவ்வோர் இழையாகப் பற்றி இழுத்ததை அவள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.

இனி நாள் குறிப்பது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். நிலத்தில் பெரும்பகுதி கரிசல். ஈரக் கரிசலில் வண்டி படும் பாட்டைத் தாராபுரத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புல்லும் உயர்ந்து விலங்குகளை மறைத்துவிடும். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைக்குப் பயணத்தைத் தள்ளி வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் என்பதால் விடியற்காலையில் குளிர் நடுக்கும். மாமியாருக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் துணியும் கட்டாயம். நாள் முழுவதும் வண்டியில் உட்கார வேண்டியதில்லை. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்துங்கள், பின்னிருக்கைகளில் குலுக்கல் அதிகம்.

கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே மாமியாரை மருத்துவரிடம் காட்டிவிட்டு, சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நேரத்தோடு பதிவு செய்யுங்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. புளிசாதம் கட்டிக்கொண்டு போவீர்களானால் எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுபோகும் கேரி பேக்குக்கும் இது பொருந்தும்.

மாமியாருக்கு அலுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வழக்கமான சுற்றில் மாட்டுப் பட்டியைக் காட்டுவதில்லை; நாங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்ததால் ஒரு மாலை அழைத்துப் போனார். மந்தை உள்ளே நுழைய நுழைய, வாயிலில் நின்ற மேய்ப்பர் ஒவ்வொரு மாட்டின் முதுகையும் கோலால் மெல்லத் தொட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. இருட்டுவதற்குள் தேடிப் பிடித்து வந்து சேர்த்த பிறகுதான் இரும்புக் கதவைச் சாத்தினார். உங்கள் மாமியாருக்கும் அந்த மாலை கிடைக்கும்படி, நீங்களும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.