அம்மாவை ஆலயத்துக்கு யார் அழைத்துப் போவது?

கேள்வி (சுருக்கப்பட்டுள்ளது): மூன்று தலைமுறையாக நாங்கள் மெதடிஸ்ட் சபையினர். நானும் என் மனைவியும் பாடகர் குழுவில் இருக்கிறோம். 27 வயது மகன் பகுதிநேரமாக இறையியல் படிக்கிறான். மார்ச் மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், “இயேசு தம்மைக் கடவுள் என்று தம் வாயாலேயே சொன்னாரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். மன்னிப்புக் கேட்கும்வரை வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். இப்போது செங்காங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பாட்டியைச் சக்கர நாற்காலியில் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தவனும் அவன்தான். பணிப்பெண்ணுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அம்மா இப்போது வீட்டிலேயே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறார்கள். மகனின் வாயை அடைக்கும்படியான வசனங்களைத் தொகுத்துத் தர முடியுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: ஐயா, நான்கு பக்கக் கடிதத்தில் பெற்ற தாய்க்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அந்த ஒன்றரை வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

ஞாயிறு காலை பணிப்பெண் கிளம்பிவிடுகிறார். பாட்டுப் பயிற்சி என்று நீங்கள் இருவரும் புறப்பட்டுவிடுகிறீர்கள். 84 வயது அம்மா ஒரு கைப்பேசியின் முன்னால் தனியாக இருக்கிறார்கள். காணொளி பாதியில் நின்றுபோனால் யார் மறுபடி ஓட விடுவது? கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது? திருவிருந்து ஞாயிறன்று போதகர் திரையில் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும்போது, அவர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அந்த நேரத்தில் நீங்கள் சபை முன்னால் நின்று பாடிக்கொண்டிருப்பீர்கள். மாதக்கணக்காக இது நடக்கிறது. இதில் உங்களுக்குக் கேள்வியே எழவில்லை. வசனம் மட்டும் வேண்டும்.

சரி, அதையும் பேசிவிடுவோம்.

உங்கள் மகன் இயேசு கடவுள் அல்ல என்று சொல்லவில்லை. அவர் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றான். இரண்டும் வேறு வேறு. அவன் சொன்னது இறையியல் வகுப்புகளில் ஆரம்பத்திலேயே வருகிற பாடம். “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்”, “ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்”, தோமாவின் “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று நீங்கள் எதிர்பார்க்கிற வசனங்கள் எல்லாமே நான்கு நற்செய்திகளில் யோவானில் மட்டும் இருப்பவை. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் மாற்குவை முதல் நற்செய்தியாகக் கொண்டு கி.பி. 70-ஐ ஒட்டி வைக்கிறார்கள். யோவானை அந்த நூற்றாண்டின் கடைசியில் வைக்கிறார்கள். அந்த மாற்குவில், “நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே” என்று இயேசு கேட்கிறார். இதையெல்லாம் வைத்துத்தான் பார்ட் எர்மன் போன்ற புதிய ஏற்பாட்டு ஆய்வாளர்கள், இயேசு தம்மைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, உயிர்த்தெழுந்தார் என்று நம்பிய பிறகே சீடர்கள் அவரை அப்படிக் கண்டார்கள் என்கிறார்கள்.

எர்மன் இன்று விசுவாசி அல்லர். ஆனால் விசுவாசிகளான ஆய்வாளர்கள் பலரும் நேரடியான கூற்று மாற்குவில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். சொல்லில் இல்லாதது செயலில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். திமிர்வாதக்காரனைப் பார்த்து உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொன்னதும், தேவன் ஒருவரைத் தவிர வேறு யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று வேதபாரகர் கொதித்தார்களே, அதுவும் மாற்குவில்தான் வருகிறது. லாரி ஹர்ட்டாடோ என்ற அறிஞர், யூதர்களான முதல் விசுவாசிகளே மிக ஆரம்ப ஆண்டுகளிலேயே இயேசுவைத் தொழத் தொடங்கிவிட்டார்கள் என்று வாதிட்டார். இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்கிற பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் அதற்கு நல்ல சான்று. பவுல் அதை எழுதியது மாற்குவுக்கும் முன்னால்.

இயேசுவை மெய்யான தேவன் என்று அறிக்கையிடுகிற நைசியா விசுவாசப்பிரமாணத்தை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறவள். ஆனால் அது எப்படி வந்தது என்று நீங்களும் ஒருமுறை படியுங்கள். குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்லர், படைக்கப்பட்டவர் என்று ஆரியு என்ற மூப்பர் எழுப்பிய சர்ச்சைக்காக 325-இல் நைசியாவில் ஆயர்கள் கூடினார்கள்; 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் மறுபடி கூட வேண்டியிருந்தது. நைசியாவின் பக்கம் நின்ற ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். இரு தரப்பினரும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டையிட்டார்கள். ஆரியு பக்கம் ஓங்கிச் சொன்ன “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்பதும் அதே யோவானில்தான் இருக்கிறது. ஆயர்களுக்கே அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் நாலு வசனம் அனுப்பி முடித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள்.

யோவானைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் முழுவதும் படியுங்கள். “அந்த வார்த்தை தேவனாயிருந்தது” என்று தொடங்குகிற அந்தப் புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தில், சிலுவையில் தொங்குகிறவர் கீழே நிற்கும் தாயைப் பார்க்கிறார். சீடனிடம் “அதோ, உன் தாய்” என்று ஒப்படைக்கிறார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் இது இல்லை. அவரை எல்லாரையும்விட உயரத்தில் வைத்துப் பேசுகிற யோவான்தான், உயிர் போகிற நேரத்திலும் தாய்க்கு ஏற்பாடு செய்த மகனாகவும் காட்டுகிறார். அவருடைய தெய்வீகத்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிற நீங்கள், உங்கள் தாய்க்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? யூடியூப்!

மகன் விசுவாசத்தை மறுதலித்துவிட்டான் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யார் மறுதலித்தவர் என்பதற்கு 1 தீமோத்தேயு 5:8-இல் பதில் இருக்கிறது: “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்.” வசனம் கேட்டீர்கள் அல்லவா? இந்த வழக்குக்கு என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

உங்கள் மகனையும் நான் விடப்போவதில்லை. வயதானவர்கள் கண்ணை மூடி ஜெபிக்க வந்த இடத்தில் வகுப்புப் பாடத்தை எடுத்து விரித்தது அவனுடைய அவசரபுத்தி. அதுகூடப் போகட்டும். அப்பாவோடு சண்டை என்றால் பாட்டி என்ன செய்தார்கள்? வீட்டுக்குள் வராதே என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். புளோக்கின் கீழே மின்தூக்கி வாசலில் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே. இறையியல் படிக்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை வெட்டி அவனுக்கும் அனுப்புங்கள்.

வீட்டில் யார் எந்த அறிஞரைப் படித்தாலும் முதியவர்களின் ஞாயிற்றுக்கிழமை கெடக் கூடாது. நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவன் வரும்வரை நீங்களோ உங்கள் மனைவியோ பாடகர் குழுவில் விடுப்புச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளுங்கள். உங்கள் இருவரில் ஒருவர் குறைந்தால் பாட்டு நின்றுவிடாது. அம்மா இத்தனை மாதம் திருவிருந்து எடுக்கவில்லை என்று போதகரிடம் இன்றே சொல்லுங்கள். கேட்டால் வீட்டுக்கே வந்து கொடுப்பார்.

மகனுக்கு இன்றிரவு ஒரு செய்தி அனுப்புங்கள். மன்னிப்புக் கேள் என்ற நிபந்தனை வேண்டாம். ஞாயிறு காலை பாட்டியை அழைத்துப் போக எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேளுங்கள். கீழே வசனம் எதுவும் சேர்க்காதீர்கள்.