ஓடும்போதே மாற்றுவது: கடிதம்

வணக்கம்.

எங்கள் மென்பொருள் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. நாளுக்கு நாலைந்து முறை புதிய கோட் ஏற்றுகிறோம். மூன்று வருடங்களுக்கு முன் போட்ட கட்டமைப்புப் படத்துக்கும் இன்று ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்கோ உடைகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடலாம் என்கிறார்கள் சிலர். ஓடிக்கொண்டே இருப்பதில் கட்டமைப்பைச் சீராக வைத்திருப்பது நடக்கிற காரியமா?

கே.

அன்புள்ள கே.,

நடக்கிற காரியம்தான். முதலிலிருந்து எழுத மட்டும் கிளம்பாதீர்கள். நீங்கள் புதியதை எழுதி முடிப்பதற்குள் பழையது இன்னும் பல முறை மாறியிருக்கும்.

படம் பழசாகிவிட்டதைவிட, 'வேறெங்கோ உடைகிறது' என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பாதியில் நிற்கும் மாற்றங்கள் நிறைய இருக்கின்றன என்று தோன்றுகிறது.

டேட்டாபேஸில் ஒரு புலத்தை, அதாவது ஒரு வகைத் தகவலை வைக்கும் இடத்தை, மாற்ற வேண்டும், ஆனால் சர்வீஸை நிறுத்தக் கூடாது. என்ன செய்வோம்? புதிய புலத்தைச் சேர்ப்போம், கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதுவோம், பழைய தரவைப் புதியதற்கு நகலெடுப்போம், படிப்பவர்களைப் புதியதற்கு மாற்றுவோம். அப்புறம் பழையதை நீக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை யாரும் வந்து கேட்பதில்லை, அதனால் அது அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து வேலைக்குச் சேரும் ஒருவர் பழைய புலத்தைப் பார்த்து, அதிலிருந்தே படித்து ஒரு புது வசதியை எழுதுவார். இப்படிப் பத்து நடந்தால், யாருமே வரையாத ஒரு கட்டமைப்பு உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டலில் நடந்தது இதுதான். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய கோட் ஒன்றில் மட்டும் விடுபட்டது. புதிய வசதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கும் ஸ்விட்ச் மாதிரி), 2003லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய வசதிக்கு உரியது. விடுபட்ட சர்வரில் அந்தப் பழைய கோட் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சர்வர் விடுபட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு, ஒன்பது வருடம் நீக்காமல் விட்ட கோட்தான் பெரிய தவறாகப் படுகிறது.

எர்லாங் என்ற நிரல் மொழியைப் பாருங்கள். நிறுத்தவே முடியாத தொலைபேசி எக்சேஞ்சுகளுக்காக 1980களில் எரிக்ஸனில் பிறந்தது. அதில் ஒரு மாட்யூலின் (நிரலின் ஒரு பகுதி) இரண்டு பதிப்புகள்தான் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க முடியும். மூன்றாவதை ஏற்றவேண்டுமானால் மிகப் பழையது போயாக வேண்டும். அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பிராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் தனித்தனி வேலைகள்) வழக்கமாகக் கொல்லப்படும். கடுமையான விதிதான், ஆனால் எவ்வளவு நல்ல விதி! பழையதும் புதியதும் சேர்ந்து வாழலாம், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. உங்கள் மொழி இதைக் கட்டாயப்படுத்தாது, உங்கள் டீம்தான் செய்ய வேண்டும்.

எப்படி? நீக்கும் வேலையைத் தனி டிக்கெட்டாக, அதாவது வேலைப் பட்டியலில் தனி வேலையாக, போடாதீர்கள். பழையது போகும்வரை மாற்றம் முடியவில்லை என்றே கணக்கு வையுங்கள். எந்த மாட்யூல் எதை அழைக்கலாம் என்பதை பில்டிலேயே (கோடை ஓடும் மென்பொருளாக ஆக்கும் கட்டத்திலேயே) ஒரு டெஸ்டாக எழுதிவிடுங்கள், மீறினால் பில்ட் உடையட்டும். படத்தையும் நினைவிலிருந்து வரையாமல், ஓடும் அமைப்பில் யார் யாரை அழைக்கிறார்கள் என்ற பதிவிலிருந்து வரையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு பழைய டேபிளை இரண்டு வாரம் கண்காணித்தோம், யாரும் படிக்கவில்லை என்று நீக்கினோம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு ரிப்போர்ட் அன்றிரவு விழுந்தது. நீக்குவதற்கு முன் ஒரு முழு மாதமாவது, வருடக் கணக்கு தொடர்பானது என்றால் அதற்கு மேலும், பார்த்துவிடுங்கள்.

இந்த வாரம் டீமில் உட்கார்ந்து, இப்போது பாதியில் நிற்பவை எவையெவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதை எனக்கு அனுப்பினால், எதை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.