வாசகர் கேள்வி: டேவிட் ஹோ பத்தி சொல்லுங்களேன்

கேள்வி: எச்ஐவி மருந்து ஆராய்ச்சின்னாலே டேவிட் ஹோ பேர் வருதே, அவர் டாக்டரா, விஞ்ஞானியா?

பதில்: ரெண்டுமேதாங்க. தைவான்ல பிறந்து அமெரிக்கா போனவர். 1981ல லாஸ் ஏஞ்சலஸ்ல இளம் டாக்டரா இருந்தப்பவே எய்ட்ஸோட முதல் கேஸ்களை நேர்ல பாத்தவர், அந்த நோயாளிங்கதான் அவரை லேப் பக்கம் திருப்பினாங்கன்னு நான் நினைக்கிறேன்.

அவரோட பெரிய வேலைன்னா 1995ல வந்த ஆய்வு. அதுவரைக்கும் வைரஸ் பல வருஷம் உடம்புல சும்மா தூங்குதுன்னுதான் நிறைய பேர் நம்பினாங்க, இவர் டீம் நோயாளிங்களுக்கு புது மருந்து குடுத்து ரத்தத்துல வைரஸ் எவ்ளோ வேகமா குறையுதுன்னு அளந்து, இவ்ளோ வேகமா அழியுற வைரஸ் மருந்துக்கு முன்னாடி குறையாம இருந்துச்சுன்னா, தினமும் கோடிக்கணக்குல புதுசா உருவாகிட்டேதான் இருக்குன்னு கணக்கு போட்டு காட்டிச்சு (ஜார்ஜ் ஷாங்கிற இன்னொரு விஞ்ஞானியோட டீமும் அதே சமயம் இதையே சொன்னாங்க, அவங்களையும் மறக்கக் கூடாது). இவ்ளோ வேகமா பெருகுற வைரஸ் ஒரு மருந்தை சுலபமா ஏமாத்திடும், மூணு மருந்தை சேர்த்து குடுத்தா மூணையும் ஒரே நேரத்துல ஏமாத்துறது ரொம்ப கஷ்டம், அதான் கூட்டு மருந்து.

1996ல டைம் பத்திரிகை அவரை அந்த வருஷத்தோட மனிதரா தேர்ந்தெடுத்துச்சு. சீக்கிரமே வைரஸை முழுசா ஒழிச்சிடலாம்னு அப்ப இருந்த நம்பிக்கை மட்டும் பலிக்கல, சில செல்லுக்குள்ள அது ஒளிஞ்சுக்குது, அதனால மாத்திரைய நிறுத்தினா பெரும்பாலும் சில வாரத்துலயே திரும்ப வந்துடுது.