விழுக்காடு கூடினால் ஊட்டச்சத்து கூடியதாகுமா?

கேள்வி: ஓமன் கரையோரக் கடலடியில் துளைத்தெடுத்த வண்டல் உருளை ஒன்றில், 'குளோபிஜெரினா புல்லாய்ட்ஸ்' என்னும் மிதந்து வாழும் ஒருசெல் உயிரியின் ஓடுகளின் விழுக்காடு மேலடுக்கில் உள்ளதைவிட ஆழத்திலுள்ள பழைய அடுக்கில் இரு மடங்காக இருக்கிறது. அக்காலத்தில் கடல்நீரில் ஊட்டச்சத்து மிகுந்திருந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி எழுத வேண்டாம். இனத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அக்கரையோரமாக வீசும்போது மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலக, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செறிந்த குளிர்நீர் கீழிருந்து மேலெழுகிறது. பெரும்பாலும் குளிர்கடல்களில் வாழும் இவ்வினம் வெப்பமண்டலத்தில் செழிப்பது இத்தகைய இடங்களில்தான்.

சிக்கல் விழுக்காட்டில் இருக்கிறது. 150 மைக்ரான் சல்லடையில் தங்கிய ஓடுகளில் 300-ஐ ஈரத் தூரிகை நுனியால் பொறுக்கி எண்ணும்போது, ஓர் இனம் குறைந்தாலே மற்றவை கூடியதுபோலத் தோன்றும். எளிதில் கரையும் 'குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர்' கடலடியில் கரைந்துபோயிருந்தாலும் உங்கள் இனத்தின் பங்கு உயர்ந்துவிடும். எனவே கரைதலின் அடையாளமான உடைந்த ஓடுகளின் அளவைத் தனியே குறித்துக்கொண்டு, ஒரு கிராம் உலர்வண்டலில் உள்ள ஓடுகளின் எண்ணிக்கையை வண்டலின் உலர் அடர்த்தியாலும் படிவு வேகத்தாலும் பெருக்கி, ஓடுகள் படிந்த வீதத்தைக் கணக்கிடுங்கள். அவ்வீதம் ரேடியோகார்பன் காலக்கணிப்பு செய்த அடுக்குகளில் மட்டும் திடீரெனத் தாவினால், அது பெரும்பாலும் படிவு வேகக் கணக்கின் விளைவே. கடலின் மாற்றமாகக் கொள்ள வேண்டாம்.

ஊட்டச்சத்தும் உற்பத்தித்திறனும் (பாசிகள் வளர்ந்து உணவு உண்டாகும் அளவு) வெவ்வேறு என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் இவ்வினம் உணவு பெருகியதைக் காட்டுமே தவிர, நீரில் பாஸ்பேட் எவ்வளவு இருந்தது என்று காட்டாது. பாஸ்பேட்டை அறிய, கடலடியில் வாழும் ஃபோராமினிஃபெராக்களின் (ஓடுடைய ஒருசெல் உயிரிகள்; உங்கள் இனமும் இவ்வகையே) ஓட்டிலுள்ள காட்மியம்–கால்சியம் விகிதம் உதவும். காட்மியம் கடலில் பாஸ்பேட்டை ஒட்டியே பரவியிருப்பதுதான் காரணம். ஆனால் அது அடிநீரின் நிலையையே காட்டும். ஓட்டின்மீது படிந்த மாங்கனீசுப் பூச்சை நீக்காமல் அளந்தால் அதுவும் பிழையாகும்.

மேற்பரப்பின் உற்பத்தித்திறனுக்கு, சல்லடையில் தங்காத நுண்வண்டலில் 'ஃபுளோரிஸ்ஃபேரா புரொஃபண்டா' என்னும் சுண்ணாம்புப் பாசியின் செதில்களை எண்ணிப் பார்ப்பதே என் முதல் பரிந்துரை. மங்கலான ஒளியுள்ள ஆழத்தில் வாழும் அதன் பங்கு, மேலே பாசிகள் பெருகும்போது குறையும். உங்கள் இனத்தின் படிவு வீதம் உயர்ந்த அதே அடுக்குகளில் இதன் பங்கு தாழ்ந்திருந்தால், மேலெழுச்சி வலுத்து உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று தயங்காமல் எழுதலாம்; ஊட்டச்சத்தின் அளவைக் குறிக்கும் வாக்கியத்தை மட்டும் காட்மியம் அளவீடு கைக்கு வரும்வரை ஒத்திவையுங்கள்.