சேமநிதியைத் தொடாமல் மகளைத் தாதிமை படிக்க வைக்க முடியுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 45. வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 3,700 வெள்ளி (ரிங்கிட்) வரும். மூத்த மகள் பல்கலைக்கழகம் புகுவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தாதிமைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு. மகன் படிவம் மூன்றில் இருக்கிறான். என் ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) மொத்தம் 61,000 வெள்ளி இருக்கிறது; அதில் படிப்புக்கு எடுக்கக்கூடிய கணக்கில் 18,000. “பிள்ளை தலையில் கடனை ஏற்றாதே, சேமநிதியை எடு” என்கிறார் வீட்டுக்காரரின் அண்ணன். இதற்கிடையே ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, “மூன்று வருட டிப்ளோமாதான், செலவை மருத்துவமனையே ஏற்கும், கையெழுத்துப் போட்டால் போதும்” என்று விண்ணப்பப் பாரங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கையில் 2,500 வெள்ளிதான். கூட்டுப் பணம் (சீட்டு) மாதம் 200 கட்டுகிறேன். எந்த வழியில் போவது?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் அம்மா. பொதுப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். செலவுக்கு அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனை மகள் பெயரில் எடுங்கள். உங்கள் சேமநிதியைத் தொடாதீர்கள். இதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இதை எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறார்.

வீட்டுக்காரரின் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோட்டத்துச் சனங்களுக்கு வயிறு கலங்கும். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போன குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் எல்லாக் கடனும் ஒன்றில்லை. பி.டி.பி.டி.என். இப்போது வட்டி என்று வாங்குவதில்லை. உஜ்ரா என்ற பெயரில் ஆண்டுக்கு 1 சதவீதம் கட்டணம் வாங்குகிறது. அடகுக்கடையில் மாதத்துக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 ஆகிவிடும். இதற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

கணக்கைப் பாருங்கள். மகள் 10,000 வெள்ளி கடன் வாங்கி, வேலைக்குப் போய் 10 ஆண்டில் அடைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 வெள்ளி கட்டணம், 10 ஆண்டுக்கு 1,000. மொத்தம் 11,000 கட்டுவாள். இதே 10,000 வெள்ளியை உங்கள் சேமநிதியிலிருந்து எடுக்காமல் 10 ஆண்டு விட்டுவைத்தால் என்ன ஆகும்? சேமநிதி வாரியம் 2022-க்கு 5.35 சதவீதமும், 2023-க்கு 5.50 சதவீதமும், 2024-க்கு 6.30 சதவீதமும் லாப ஈவு கொடுத்தது. நான் குறைத்தே பிடிக்கிறேன், 5 சதவீதம். அப்போதும் உங்கள் 10,000 வெள்ளி ஏறக்குறைய 16,300 ஆகிவிடும். மகளுக்கு 1,000 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் நீங்கள் 6,300 வெள்ளியை இழப்பீர்கள். குடும்பம் ஒன்றுதானே, யார் கையிலிருந்து போனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நீங்கள் குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை இருக்கும்வரை அது உங்கள் வீடு. நீங்களும் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து நிற்கிற நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே போவீர்கள்? சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் போட வேண்டுமானாலும், ஈப்போவில் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் பதிய வேண்டுமானாலும், உங்களிடம் இருக்கப்போவது அந்தச் சேமநிதி ஒன்றுதான். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியை மூன்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள்: ஓய்வுக்கால கணக்கு, செஜாத்ரா கணக்கு, நெகிழ்வுக் கணக்கு. நீங்கள் சொல்லும் 18,000 வெள்ளி செஜாத்ரா கணக்கில் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு எடுப்பதும் அதிலிருந்துதான், வீடு வாங்க எடுப்பதும் அதிலிருந்துதான். படிப்புக்குக் கடன் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. 55 வயதில், நிரந்தர வேலை இல்லாத தோட்டத்துப் பெண்மணிக்கு வீட்டுக் கடன் கொடுக்க எந்த வங்கி வரும்? அந்தப் பணம் கரைந்துவிட்டால் பாரம் வேறு உருவத்தில் மகள் தலையிலேயே வந்து விழும்: அம்மா அப்பாவுக்கு வாடகை கட்டுகிற பாரமாக. தம்பி மகள் மேல் அக்கறையோடு பேசும் அந்த அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், அவரும் யோசிப்பார்.

கதவை ஒரேயடியாக மூடிவிடவும் இல்லை. பிற்காலத்தில் மகளால் கடனைக் கட்ட முடியாமல் போகும் நெருக்கடி வந்தால், படிப்புக் கடனை அடைப்பதற்கும் அதே செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. இன்று எடுத்ததைத் திரும்பப் போட்டு நிரப்புவதுதான் நடக்காத காரியம்.

சரி, நான்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? பொதுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் உங்கள் எதிரியே இல்லை. அரசாங்கம் பெரும்பகுதியை ஏற்பதால், நான்காண்டுக் கட்டணமே பெரும்பாலும் தனியாரின் ஓராண்டுக் கட்டணத்தைத் தாண்டாது. கையைக் கடிப்பது அன்றாடச் செலவு. சாப்பாடு, கைப்பேசி, விடுதி, வெள்ளைச் சீருடை, அதற்கேற்ற காலணி, ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி, ஒரு மடிக்கணினி. வார்டு பயிற்சி தொடங்கிவிட்டால் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வாள் என்ற கணக்கைத் தாதிமைப் படிப்பில் போடாதீர்கள். மற்றத் துறைப் பிள்ளைகள் வார இறுதியில் கடையில் நிற்கலாம். இவள் நின்றால் படிப்பு கெடும், இல்லாவிட்டால் உடம்பு கெடும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை உங்கள் குடும்பத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பி.டி.பி.டி.என்.னின் உச்சத் தொகைக்கு மகள் தகுதி பெறுவாள். ஆண்டுக்கு 6,000 வெள்ளி கிடைக்கிறது என்று உத்தேசமாக வைத்தால் நான்காண்டில் 24,000. அதைப் 10 ஆண்டில் அடைத்தால் அந்த 1 சதவீதக் கட்டணத்தோடு 26,400, மாதம் 220 வெள்ளி. வேலையில் இருக்கும் தாதிக்கு இது கட்டக்கூடிய தொகைதான். கட்டாமல் விட்டால், நாளைக்கு அவள் வீட்டுக்கோ காருக்கோ கடன் கேட்கும்போது வங்கியில் பெயர் அடிபடும். முதல் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய ஏற்பாடு செய்துவிடச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை கொடுப்பது முதல் இரண்டு மாதம்தான். பதிவு நாளில் கட்டணம் கட்ட வேண்டும், ஈப்போவிலிருந்து கிரிக் வழியாகக் கோத்தா பாருவுக்குப் பஸ் ஏற வேண்டும், தலையணை மெத்தை விரிப்பு வாங்க வேண்டும். கடன் பணமோ பதிவெல்லாம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கணக்கில் விழும். நம் பிள்ளைகள் மெகி சாப்பிட்டு நாளை ஓட்டுவது இந்த இடைவெளியில்தான். இதற்காகவே பி.டி.பி.டி.என்.னில் முன்பணம் ஒன்று உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் பொதுப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது 1,500 வெள்ளி முன்கூட்டியே கிடைக்கும். அது இனாம் இல்லை, கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் நேரத்துக்கு வரும். அதை வாங்க முதலில் மகள் பெயரில் பி.டி.பி.டி.என்.னின் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் கையிலிருக்கும் 2,500-ம் இந்த 1,500-ம் சேர்ந்தால் முதல் செமஸ்டர் தாண்டிவிடும். அதற்கும் மேலே ஓர் அவசரம் வந்தால், நெகிழ்வுக் கணக்கில் இருப்பதை மட்டும் எடுங்கள். அதிலிருந்து 50 வெள்ளிக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். செஜாத்ரா பக்கம் போக வேண்டாம்.

இனி, விண்ணப்பப் பாரங்களை வைத்துவிட்டுப் போன கல்லூரிக்காரர். மருத்துவமனை செலவை ஏற்கும் படிப்பு பொய்யில்லை. பெரிய தனியார் மருத்துவமனைகள் இப்படிப் பிள்ளைகளை எடுக்கின்றன, படித்து நல்லபடியாக வேலையில் இருப்பவர்களும் உண்டு. பொதுப் பல்கலைக்கழக இடம் கிடைக்காத பிள்ளைக்கு நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் “கையெழுத்துப் போட்டால் போதும்” என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. எதற்குக் கையெழுத்து என்பதுதான் விஷயம். படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு அந்த மருத்துவமனையிலேயே வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தம் இருக்கும். நடுவில் நின்றால் செலவழித்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு ஜாமீனாக அப்பா அம்மா பெயர் இருக்கும். அந்தப் பாரத்தில் தொகை எழுதியிருக்கிறதா, வெறுமனே விட்டிருக்கிறதா? ஒரு பாடத்தில் தோற்றால் யார் செலவு? மாதாமாதம் கொடுக்கும் அலவன்ஸ் இனாமா, அதுவும் கடனில் சேருமா? செலவை ஏற்பதாக மருத்துவமனை தன் கடிதத்தாளில் எழுதிக் கொடுக்குமா, இல்லை கல்லூரிக்காரர் வாயால் சொல்வது மட்டும்தானா? 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளில் தாதிமை டிப்ளோமா முடித்த எத்தனையோ பிள்ளைகள் வேலையும் இல்லாமல் பெரிய கடனோடு நின்றார்கள், அதில் நம் பிள்ளைகளும் நிறையப் பேர். அந்தப் பெற்றோர்களும் இப்படி வீட்டு வாசலில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

டிப்ளோமாவா பட்டமா என்பதில் பணமும் அடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த புதிய அரசாங்கச் சம்பள முறையில் டிப்ளோமா தாதிக்கு யு5 என்ற சம்பளப் படி, பட்டதாரிக்கு யு9. முன்பு யு29, யு41 என்றிருந்ததுதான். தொடக்கத்திலேயே வித்தியாசம் இருக்கிறது, மேலே போகப் போக இன்னும் கூடும். ஆனால் பட்டம் வாங்கியதும் அரசாங்க வேலை வீடு தேடி வரும் என்று நினைக்க வேண்டாம். மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பொதுச் சேவை ஆணையத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிடலாம். அப்போது ஒப்பந்தம் எதுவும் காலைக் கட்டியிருக்காது.

கூட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன். இருக்கிற சுற்றை முடியுங்கள், இனி புதிதாகச் சேராதீர்கள். கூட்டு நடத்துவதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். பிடிக்கிறவர் பணத்தோடு போய்விட்டால், கூட்டே சட்டவிரோதம் என்பதால் போலீசுக்குப் போகவே தயங்குவீர்கள். அந்த 200 வெள்ளியில் 150-ஐ மாதாமாதம் மகளுக்கு அனுப்புங்கள். 50-ஐ மகன் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கில் போட்டு வாருங்கள். அவன் படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வு முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் சங்கத்திலோ தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திலோ நீங்கள் இருவரில் யாராவது உறுப்பினராக இருந்தால், பிள்ளைகளின் உயர்கல்விக்கு இந்த ஆண்டு என்ன உதவி இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் உதவிகளையும் பாருங்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிடைத்தால் நல்லது, கடனில் அந்த அளவு குறைத்து வாங்கலாம். கிடைக்கும் என்று நம்பி பி.டி.பி.டி.என். விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

மகளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். கடன் அவள் பெயரில் வரப்போகிறது, அதனால் மாதம் 220 என்பதை அவள் வாயால் சொல்லி, அவளே சம்மதிக்க வேண்டும். பல்கலைக்கழகக் கடிதத்தில் இடத்தை ஏற்றுக்கொள்ள ஒரு கடைசித் தேதி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, அதற்கு முன்பே பதில் அனுப்பிவிடுங்கள். கல்லூரிக்காரர் மறுபடி வந்தால் பாரங்களைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.